தட்டை ஏன் இழுத்துக்கொண்டீர்கள்?

போன வைகாசியில் ஒரு கல்யாணம். மண்டபம் சேலம் ஐந்து ரோட்டுக்குப் பக்கத்தில். வாசலில் தாவணி கட்டிய சின்னப் பெண் ஒருத்தி தட்டோடு நின்றாள். சந்தனம், குங்குமம், கல்கண்டு, துண்டு துண்டாக நறுக்கி வைத்த மல்லிகைச் சரம். எனக்கு முன்னால் போன நாத்தனாருக்குப் பூ கொடுத்தாள். அடுத்து நான். என் தலையில் கட்டியிருந்த துணியைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற பெரியம்மாவைப் பார்த்தாள். அவர் கண்ணாலேயே ஏதோ சொன்னார். தட்டு பின்னால் போனது. எனக்குப் பின்னால் வந்தவருக்கு மறுபடி முன்னால் வந்தது.

அந்தப் பெண் மேல் எனக்குக் கோபமே இல்லை. கண் காட்டிய அந்த அம்மா மேல்தான் இன்று வரை வயிறு எரிகிறது.

எனக்கு மார்பகப் புற்றுநோய். ஐப்பசியில் கீமோ தொடங்கி பங்குனியில் முடிந்தது. மூன்று வாரத்துக்கு ஒன்றாக மொத்தம் 8. முதல் மருந்து ஏறிய 17-ஆம் நாள் காலையில் தலையணை முழுக்க முடி. வேகமாகப் பெருகுகிற செல்களைத் தேடித் தேடி அடிக்கிற மருந்து அது. புற்றுநோய் செல்லும் வேகமாகப் பெருகும், முடிவேரில் இருக்கிற செல்லும் வேகமாகப் பெருகும். அதனால் முடியும் போகிறது. மருந்து நின்ற பிறகு மறுபடி முளைக்கும், ஆனால் மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான். "இன்னுமா வளரலை?" என்று கேட்கிறவர்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு முழம் பூவைத் தாங்குகிற பின்னலுக்கு எனக்கு இரண்டு வருஷமாவது வேண்டும். அதுவரைக்கும் யார் வீட்டு விசேஷத்துக்கும் போகாமல் உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டுமா?

உட்கார்ந்தால்தான் விடுவீர்களா! "என்ன, பத்திரிகை வச்சும் வரலை" என்று அதற்கும் ஒரு பேச்சு வரும்.

சரி, போகலாம் என்று முடிவு செய்தால் தலைக்கு என்ன போடுவது? சித்தி சொன்னது விக். "போட்டோல நல்லா இருக்கும் கண்ணு." நல்ல மனசோடு சொன்னார், ஒத்துக்கொள்கிறேன். பழனியிலும் திருப்பதியிலும் சாமிக்குக் கொடுக்கிற முடி ஏலத்தில் போய், கடல் தாண்டிப் போய் விக் ஆகிறது. அந்த மாதிரி அசல் முடியில் செய்தது வேண்டும் என்றால் பல ஆயிரம் ரூபாய் ஆகும். ஸ்கேனுக்கும் ஊசிக்கும் கொடுத்து முடித்த குடும்பம் அதற்கு எங்கே போகும்? நைலான் மாதிரி இருக்கிற விலை குறைந்த விக் ஒன்று வாங்கினோம். சேலத்து வைகாசி வெயிலில், ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கிற மண்டபத்தில், அதைப் போட்டுக்கொண்டு பந்தியில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். கீமோவுக்குப் பிறகு தலைத்தோல் பச்சைப்பிள்ளைத் தோல் மாதிரி இருக்கும். அரை மணி நேரத்தில் ஓரமெல்லாம் சிவந்து, அரிப்பெடுத்து, நெற்றியில் வேர்வை ஓடி, சாம்பாரைக்கூட ஊற்றிக்கொள்ளாமல் எழுந்து வந்தேன்.

அப்புறம் துணி. இது நெசவு ஊர். அம்மாபேட்டையிலும் குகையிலும் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவள் நான். இளம்பிள்ளைப் புடவை எந்தெந்த ஊருக்கெல்லாமோ போகிறது. சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. இந்த ஊரில், ஒரு பெண் கல்யாணத்துக்குத் தலையில் கட்டிக்கொண்டு போக ஒரு நல்ல துணி கேட்டு ஏழு கடை ஏறி இறங்கினேன். வண்டியில் போகும்போது தூசிக்குக் கட்டிக்கொள்கிற ஸ்கார்ஃப் காட்டினார்கள். குழந்தைக்குப் போடுகிற குல்லா காட்டினார்கள். ஒரு கடையில், "யாருக்கும்மா, உங்களுக்கா?" என்று கேட்டு என் தலையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை என்றால் எட்டு நிறத்தில், கல் வைத்து, ஜரிகை வைத்து ரெடியாக இருக்கிறது. பெண் தலைக்கு? பூ வைக்கலாம், நெற்றிச்சுட்டி வைக்கலாம், ஜடைநாகம் வைக்கலாம். எல்லாம் முடி இருக்கிற தலைக்கு.

கடைசியில் பட்டு ஸ்கார்ஃப் ஒன்றை நானே வெட்டிக் கட்டினேன். பட்டு மொட்டைத் தலையில் நிற்கவே நிற்காது, வழுக்கிக்கொண்டே இருக்கும். கை தூக்கி அட்சதை போட்டதும் அது பின்னால் சரிந்தது. அப்போது என்னைப் பார்த்த கண்கள் எத்தனை என்று இப்போதும் சொல்ல முடியும்.

வழி சொல்லிக் கொடுத்தது யார் தெரியுமா? எங்கள் தெருவில் இருக்கிற முஸ்லிம் அக்கா. "உள்ளே ஒரு பனியன் துணித் தொப்பி போடும்மா, அதுக்கு மேல காட்டன் கட்டு, நகராது" என்று தன்னுடையதிலேயே ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு மீட்டர் சதுரத் துணி, மூலைக்கு மூலை மடித்து, ஓரம் புருவத்துக்கு இரண்டு விரல் மேலே வருகிற மாதிரி வைத்து, பிடரியில் முடிச்சு. மூன்று மணி நேரம் ஆனாலும் அசையவில்லை. புடவை நிறத்துக்கு ஏற்ற மாதிரி டெய்லர் அண்ணன் நான்கு துணி ஓரம் அடித்துக் கொடுத்தார், காசு வாங்க மாட்டேன் என்றார். அந்த இரண்டு பேரும் என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

சொந்தக்காரர்கள் கேட்டார்கள். "எந்தக் கோயில்ல மொட்டை?" "வேண்டுதலா?" ஒருத்தர் குரலைத் தாழ்த்தி, "மதம் மாறிட்டியா?" என்றார். மாறியிருந்தால்தான் என்ன, வந்திருக்கிற கல்யாணத்தில் வாழ்த்திவிட்டுச் சாப்பிடக் கூடாதா? வீடியோ எடுக்கிற தம்பி மேடையிலேயே, "அக்கா, அந்தத் துணியை எடுத்துட்டா ஃப்ரேம் நல்லா வரும்" என்றான். எடுத்தால் என்ன தெரியும் என்று அவனுக்குத் தெரியாது. ஆனால் தெரிந்த என் மாமா அவனைத் தடுக்காமல், என்னை ஓரத்தில் நிற்கச் சொன்னார். எட்டு கீமோ தாண்டி நடந்து வந்தவளைப் பார்த்து ஓரமாக நில் என்று சொல்ல அவருக்கு எப்படி வாய் வந்தது?

இதற்கெல்லாம் முன்னால், கீமோ நடந்துகொண்டிருந்த தை மாதம், தலையில் துணி கட்டிக்கொண்டு ஏற்காட்டுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். அடுத்த மருந்துக்கு முந்தின வாரம், மாஸ்க் போட்டுக்கொண்டு போகலாம் என்று டாக்டர் விட்டார். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கும்போது பனி கண்ணை மறைத்தது. காலை ஆறு மணி முகூர்த்தம். பார்த்தால் எல்லார் தலையிலும் ஏதோ ஒன்று! பெரியவர்கள் மஃப்ளர், மங்கி கேப். பெண்கள் பட்டுப்புடவைக்கு மேல் சால்வையைத் தலையோடு போர்த்தியிருந்தார்கள். மலையில் இருக்கிற ஆட்கள் துண்டைத் தலையில் சுற்றியிருந்தார்கள். என்னை யாருமே திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு பாட்டி பக்கத்தில் வந்து, "காதையும் சேர்த்து மூடிக்க சாமி, குளிர் ஏறும்" என்று துணியை இழுத்துவிட்டார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. குளிருக்கு மூடினால் மரியாதை, நோய்க்கு மூடினால் அபசகுனமா? மேலே இருந்து கீழே இறங்க முக்கால் மணி நேரம். அதற்குள் என் தலை எப்படி மாறிப்போனது?

அபசகுனம் என்றுதான் அந்தத் தட்டும் பின்னால் போனது. பூ வைக்காத தலை என்றால் புருஷன் இல்லாத தலை என்று நினைத்திருப்பார்கள், பிறகு யாரோ சொல்லி விவரம் தெரிந்து, "ஐயோ, அவருக்கு ஒண்ணும் இல்லையே, நாங்க தப்பா நினைச்சுட்டோம்" என்று சமாதானம் பேச வந்தார்கள். அந்தச் சமாதானம்தான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. என் அத்தை பத்து வருஷமாக ஒவ்வொரு மண்டப வாசலிலும் அந்தத் தட்டைத் தாண்டித் தலை குனிந்து போகிறார். நான் கூடவே போயிருக்கிறேன், பூவை வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு தடவைகூட வாய் திறக்காமல். எனக்கு நடந்த பிறகுதான் அவருக்கு நடந்தது என் கண்ணில் பட்டது. இதற்கு நான் அவரிடம் நேரிலேயே மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

ஆவணியில் இன்னொரு கல்யாணம், பத்திரிகை வந்துவிட்டது. மாம்பழ நிறக் காட்டன் ஒரு மீட்டர் எடுத்து வைத்திருக்கிறேன். முகூர்த்த நாளில் பூ விலை எவ்வளவு ஏறினாலும் வ.உ.சி. மார்க்கெட்டில் இரண்டு முழம் குண்டுமல்லி வாங்குவேன். ஒன்று என் பிடரி முடிச்சைச் சுற்றி. இன்னொன்று அத்தைக்கு, அவர் வைத்துக்கொள்வேன் என்று சொல்லியிருக்கிறார். இரண்டு பேரும் முன்வாசல் வழியாகத்தான் வருவோம். தட்டோடு நிற்கிறவர்கள் அதை எங்கள் பக்கம் நீட்டுங்கள்.