2012 கோயில் கட்டிய ஆண்டு அல்ல

இணையத்தில் ஒருவர், மட்டக்களப்பு நகரின் புளியந்தீவு புனித மரியன்னை பேராலயம் 2012இல் கட்டப்பட்டது, அதற்கு முன் அங்கே பங்குக் கோயிலே (அப்பகுதிக் கத்தோலிக்கருக்கான கோயில்) இருக்கவில்லை என்று எழுதியிருக்கிறார். பலர் அதைப் பகிர்ந்தும் இருக்கிறார்கள். ஆண்டு சரி, ஆனால் அது வேறொன்றின் ஆண்டு.

2012 ஜூலை 3ஆம் திகதி பாப்பரசர் 16ஆம் ஆசீர்வாதப்பர், திருகோணமலை - மட்டக்களப்பு மறைமாவட்டத்தை (ஓர் ஆயரின், அதாவது பிஷப்பின், பொறுப்பிலுள்ள திருச்சபைப் பகுதி) இரண்டாகப் பிரித்தார். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களுக்கென்று தனி மறைமாவட்டம் உருவானது. முதல் ஆயர் ஜோசப் பொன்னையா ஆண்டகை. பேராலயம் என்பது கட்டடத்தின் பருமனைக் குறிக்கும் சொல் அன்று. ஆயரின் இருக்கை எங்கே இருக்கிறதோ, அதுவே பேராலயம். ஆகவே ஒரு கல்லும் புதிதாக வைக்காமலே பழைய கோயிலொன்று பேராலயமாகலாம். புளியந்தீவுக் கோயிலும் அப்படித்தான் புதிய மறைமாவட்டத்தின் பேராலயமானது.

சரிபார்ப்பது கடினமில்லை. நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியின்போது சுட்டுக் கொல்லப்பட்டது இதே கோயிலுக்குள்தான். அக்காலப் பத்திரிகைகளைப் புரட்டினால் போதும். நம்மூரில் அந்த இரவை மறந்தவர்கள் குறைவு என்றே நினைத்திருந்தேன். மறைமாவட்டப் பிரிப்பு அறிவிப்பு, வத்திக்கான் பத்திரிகை அலுவலகத்தின் அன்றைய நாளாந்தச் செய்திக்குறிப்பில் இன்றும் இணையத்தில் கிடைக்கிறது.

அதைவிட எளிய வழி, வீட்டு அலுமாரியில் அம்மம்மாவின் திருமுழுக்குச் சான்றிதழ் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பங்கின் பெயரும் திகதியும் அதில் எழுதியிருக்கும். எங்கள் வீட்டுத் தாள் மடிப்பில் கிழிந்துவிட்டது, ஆனாலும் வாசிக்க முடிகிறது.