நியோப்ரீன் வார் போட்டால் குதிரைக்குப் புண்ணே வராதா?

"நியோப்ரீன் வயிற்று வார் போட்டால் குதிரைக்குப் புண்ணே வராது, மோஹேர் வாரைத் தூக்கிப் போடுங்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு. (வயிற்று வார் என்பது சேணம் நழுவாமல் இருக்கக் குதிரையின் அடிப்பக்கமாகச் சுற்றிக் கட்டும் பட்டை.)

நியோப்ரீன் செயற்கை ரப்பர். கழுவுவது சுலபம், எளிதில் நழுவாது, அதெல்லாம் சரி. ஆனால் அது வியர்வையை உறிஞ்சாது, காற்றையும் விடாது, அதனால் நீண்ட சவாரியில் அடியில் சூடும் ஈரமும் தேங்கி சில குதிரைகளுக்குத் தோல் சிவந்து முடியே கொட்டிவிடுகிறது. அங்கோரா ஆட்டு முடியில் திரிக்கும் மோஹேர் வியர்வையை இழுத்துக்கொள்ளும், காற்றும் போகும். ஆனால் கழுவாமல் விட்டால் உப்பு காய்ந்து விறைத்து அதுவும் உரசும். மோஹேர் என்று சொல்லி செயற்கை நூல் கலந்தும் விற்கிறார்கள். பிரிந்து நிற்கும் ஓர் இழையைக் கொளுத்திப் பாருங்கள்: முடி கருகும் வாடை வந்து பொடியாக உதிர்ந்தால் அசல், உருகி உருண்டையானால் செயற்கை.

எந்த வார் ஒத்துவரும் என்பதை உங்கள் குதிரையிடமே பார்க்கலாம். வாரைக் கழற்றியதும் முன்னங்காலுக்குப் பின்னால் இருக்கும் மடிப்பைத் தடவுங்கள். வீக்கமோ தடிப்போ இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அப்புறம், ஒரே வாரைப் பல குதிரைகளுக்குப் போட்டால், எந்தப் பொருளானாலும், படை என்ற தோல் நோய் தொற்றலாம்.

அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள், அனுப்பியவரிடமும் இதைச் சொல்லுங்கள்.