கவுன்சிலர் செவ்வாய்க்கிழமை வருவார்

நம் ஊர்க் கல்லூரி ஹாஸ்டலில் உதவி கேட்டு வந்த பையனைத் திருப்பி அனுப்பிய விஷயம் எல்லோருக்கும் தெரியும், நானும் ஏன் எழுத வேண்டும் என்றுதான் இருந்தேன். நிர்வாகத்தின் விளக்கத்தைப் பார்த்த பிறகு முடியவில்லை. "மாணவருக்கு உரிய ஆலோசனை வழங்கப்பட்டது" என்கிறார்கள். ராத்திரி பதினோரு மணிக்கு, "தனியா இருக்கவே பயமா இருக்கு சார், ஏதாவது பண்ணிக்கிடுவேனோன்னு இருக்கு" என்று வந்து நின்ற பையனிடம், "மனநலக் கவுன்சிலர் செவ்வாய்க்கிழமை வருவார், இப்போ போய்ப் படு" என்றார்களே, அதுதான் உரிய ஆலோசனையா? கூடப் படிக்கிற பையன்கள் ஆட்டோ பிடித்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதால் தப்பித்தோம். அவர்களுக்குக் கிடைத்த பாராட்டு, அனுமதியில்லாமல் கேட்டைத் தாண்டியதற்கு மெமோ.

அதே பையன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தால் செவ்வாய்க்கிழமை வரை பொறுக்கச் சொல்லியிருப்பார்களா? 108-க்கு அடித்திருப்பார்கள். 2017 மனநலச் சட்டமே அவசர சிகிச்சை, ஆம்புலன்ஸ் எல்லாம் உடம்புக்கு எப்படியோ மனசுக்கும் அப்படியே என்கிறது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 100 மாணவர்களுக்குக் குறையாமல் படிக்கிற இடத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும், உதவி எண்களை ஹாஸ்டலிலும் வகுப்பிலும் பெரிய எழுத்தில் ஒட்ட வேண்டும் என்றது. நம் ஊர்க் கல்லூரிச் சுவர்களில் ரேங்க் வாங்கியவர்கள் போட்டோவுக்கு இடம் இருக்கிறது. ஐந்து இலக்க எண் ஒன்றுக்கு இல்லை.

அந்த எண் 14416. டெலி மானஸ், அரசாங்கத்தின் மனநல உதவி எண். 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. 2022-லிருந்து இருக்கிறது. தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104-க்கும் அடிக்கலாம்.

எனக்கு இது எப்படித் தெரியும்? என் சித்தி மகனால். திசையன்விளைப் பக்கத்துப் பையன், வீட்டில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவன். அரியர் மேல் அரியர். ஒரு ராத்திரி போன் பண்ணி, "என்னால முடியலக்கா" என்றான், அதற்கு மேல் பேச்சு வரவில்லை. அவன் கல்லூரி ஆலோசகர் எண் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. தெரிந்த கிளினிக்கில் அடுத்த வாரம்தான் அப்பாயின்ட்மென்ட். 14416-இல் பேசிய அந்தப் பெண்தான், நான் பஸ் பிடித்துப் போய்ச் சேரும்வரை அவனை யாருடன் இருக்கச் சொல்ல வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்தார். காலையில் ஹைகிரவுண்ட் மனநலப் பிரிவில் சீட்டு வாங்கி உட்கார்ந்தோம். டாக்டர் முதலில் கேட்டது, "தூங்குதியா, சாப்பிடுதியா?" அரியரைப் பற்றிக் கேட்கவே இல்லை. சித்தி மந்திரிக்கக் கூட்டிப் போகணும் என்றாள். திருநீறும் பூசிக்கோ, மாத்திரையும் போட்டுக்கோ என்றுதான் சொன்னேன். அம்மாக்காரியிடம் அந்த நேரத்தில் பகுத்தறிவுப் பாடம் எடுக்க முடியாது.

வார்டன் பாவம், அவருக்கு என்ன தெரியும் என்று கேட்பீர்கள். சரி, நியாயம். அதனால்தான் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுங்கள் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. கொடுத்தீர்களா? போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்தார்களாம். தற்கொலைக்கு முயன்றவரைக்கூட, கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதித் தண்டிக்கக் கூடாது என்று அந்த 2017 சட்டம் சொல்கிறது. இந்தப் பையன் உதவி கேட்டு வந்தவன். இதில் என்ன கேஸ்?

"எங்க காலத்துல இதெல்லாம் இருந்துச்சா?" இருந்தது. பேப்பரில் "தீராத வயிற்றுவலி" என்று போட்டு முடித்துவிட்டீர்கள்.

இப்போது பரிகாரமாகத் தன்னம்பிக்கைப் பேச்சாளரை அழைத்து வருகிறார்களாம். வரட்டும், கைதட்டட்டும். அவர் மத்தியானமே மாலை வாங்கிக்கொண்டு காரில் ஏறிவிடுவார். ராத்திரி பதினோரு மணிக்கு ஹாஸ்டலில் யார் இருப்பார்கள்?

கடைசியாக, சித்தி மகனைப் பற்றிய என் போன பதிவின் கீழே "இப்படி எழுதினா நாளைக்கு அவனுக்கு யார் பொண்ணு தருவா?" என்று கேட்ட பெரியப்பாவுக்கு. அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். மாத்திரை வாங்க ஒருநாள் கூட வர ஆள் இல்லாமல் உங்கள் வீட்டுக்கும் போன் பண்ணினேன், நினைவிருக்கும். அன்றைக்கு உங்களுக்கு ஒரு வளைகாப்பு இருந்தது. அவனுக்குப் பெண் பார்க்கிற நேரம் வந்தால் நாங்களே பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் சிரமப்பட வேண்டாம்.