சாவும் வீடு மாறுவதும் சேர்ந்தேதான் வரும்
பத்து வயதுக்குட்பட்டவர்களுக்கான கதையில் அப்பாவின் சாவையும் வீடு மாறுவதையும் ஒன்றாக வைத்தால் கனம் கூடிவிடும் என்கிறார் சிறுவர் கதைகள் பற்றிய இந்தக் கட்டுரையை எழுதியவர். நம் மலேசியாவில் இரண்டும் சேர்ந்துதானே வருகின்றன? தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடு (வரிசை வீடு) வேலையோடு ஒட்டியது. வேலை பார்த்தவர் போனால் வீட்டையும் காலி செய்ய வேண்டியதுதான். பினாங்கில் என் அக்கா வீட்டுக்காரர் தவறியபோது வாடகை கட்ட வழியில்லை. கருமாதி முடிந்த கையோடு கோலாலம்பூருக்கு, எங்கள் செந்தூல் ஃபிளாட்டுக்கே வந்துவிட்டார்கள். அக்கா மகன் அப்போது ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு. அழவே இல்லை. அப்பாவின் மோட்டார் ஹெல்மெட்டை மட்டும் லாரியில் ஏற்ற விடாமல் மடியில் வைத்துக்கொண்டே வந்தான். வாரிசுகளுக்கு மாதாமாதம் கிடைக்கும் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) பணத்துக்கு விண்ணப்பப் பாரம் நிரப்புவது பற்றி நாங்கள் அடுப்படியில் கிசுகிசுத்ததை முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்தக் காசு வந்தா திரும்பிப் போயிடலாமா மாமா?" என்றான். மேலே பின்னூட்டத்தில் ஒரு நண்பர், பிள்ளைகள் பேய்க்கதையே படிக்கிறார்கள், இதென்ன பெரிசு என்று எழுதியிருக்கிறார். அதுவும் சரியில்லை, பேய் புத்தகத்தோடு போய்விடும். என் குறை வேறு. இந்தக் கதைகளில் புதுப் பள்ளியில் ஒரு கூட்டாளி கிடைத்ததும் எல்லாம் சரியாகிவிடுகிறது, அம்மாவும் சிரித்துவிடுகிறாள். காசுப் பேச்சே கிடையாது. அதையும் எழுதுகிறவர் இருந்தால் சொல்லுங்கள், முதல் ஆளாக வாங்குகிறேன்.