அன்னாள் எழுந்து போய்ச் சாப்பிட்டாள்

போன வாரம் ஒரு தங்கை உள்பெட்டியில் எழுதியிருந்தாள். இரண்டு சின்னப் பிள்ளைகள். அதில் ஒன்றுக்கு ஏதாவது ஒன்று மாற்றி ஒன்று உடம்புக்கு வந்துகொண்டே இருக்கிறது. கணவருக்கு வேலை நிலையில்லை. "அக்கா, ஒழுங்கா ஜெபம் பண்ணி ரெண்டு மாசம் ஆச்சு. முழங்கால் போட்டா அப்படியே தூங்கிடறேன். என் விசுவாசம் போயிடுச்சாக்கா?" என்று கேட்டிருந்தாள். பதில் எழுத ஆரம்பித்தேன், அது நீண்டுகொண்டே போனது. இன்னும் நாலு பேருக்கு இதே கேள்வி இருக்கும் என்று தோன்றியதால், அவளிடம் கேட்டுக்கொண்டு இங்கேயே எழுதுகிறேன்.

என் இளையவன் குறைமாதத்தில் பிறந்தவன். முதல் மூன்று வருஷம் சளி பிடித்தால் போதும், மூச்சிரைப்பு வந்துவிடும். வீட்டிலேயே மூச்சை எண்ணிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருந்தார் டாக்டர். முழுசாக ஒரு நிமிஷம் எண்ண வேண்டும். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு 40-ஐத் தொட்டாலோ, விலா எலும்புக்குக் கீழே உள்ளே இழுத்தாலோ காத்திருக்கக் கூடாது. ராத்திரி இரண்டு மணிக்கு அவன் சட்டையைத் தூக்கிவிட்டு, செல்போன் வெளிச்சத்தில் வயிறு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எண்ணிக்கொண்டே எப்படி ஜெபிப்பது? ஜெபித்தால் எண்ணிக்கை தப்பிவிடும். 37, 38, 39... அங்கே வந்ததும் "கர்த்தாவே" என்று ஒரே ஒரு சொல் வாயில் வரும். அந்த மூன்று வருஷத்தில் என் ஜெப வாழ்க்கை கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில் ஒரு அம்மா வீட்டுக்கு ஜெபிக்க வந்தார். நல்ல மனசோடுதான் வந்தார். பிள்ளையின் தலையில் கை வைத்துக் கண்ணை மூடி, "ஆண்டவரே, இந்தத் தாயின் அவிசுவாசத்தை மன்னியும்" என்று ஆரம்பித்தார். சொன்னது ஆண்டவரிடம், காதில் விழ வேண்டியது எனக்கு. ஜெபத்துக்குள் வைத்துச் சொல்லிவிட்டால் எதிர்த்துப் பேசவும் முடியாது, பாருங்கள். நானும் ஆமென் சொன்னேன். அந்த ஆமெனை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது.

அப்புறம் ரொம்ப நாள் கழித்து வேதாகமத்தில் 1 சாமுவேல் முதல் அதிகாரத்தை நிதானமாக வாசித்தேன். பிள்ளையில்லாமல் இருந்த அன்னாளைப் பற்றிப் பேசும்போது நாம் நேராக அவளுக்குப் பிறந்த சாமுவேலுக்குப் போய்விடுவோம். அழுதாள், ஜெபித்தாள், பிள்ளை பிறந்தது, அல்லேலூயா. நடுவில் நடந்ததை நின்று பார்ப்பதே இல்லை. அவள் உதடு மட்டும் அசைகிறது, சத்தம் வெளியே வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஏலி, அதுவும் ஆசாரியன், இவள் குடித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டான். அவளைக் கண்டிக்கவும் செய்தான். அன்னாள் ஆமென் சொல்லவில்லை. குடிக்கவில்லை ஐயா, மனம் நொந்துபோய் இருக்கிறேன் என்று மரியாதையாக, நேராகப் பதில் சொன்னாள்.

அதற்கப்புறம் 18-ஆம் வசனம். அவள் போய்ச் சாப்பிட்டாள், அப்புறம் அவள் முகம் துக்கமாயிருக்கவில்லை. அதுவரை சாப்பிடாமல் அழுதுகொண்டிருந்தவள். சாமுவேல் இன்னும் கருவில்கூட இல்லை. ஏலி ஆசீர்வதித்து அனுப்பினான் என்பது தவிர நிலைமை ஒன்றும் மாறவில்லை. அந்த இடைவெளியில் எழுந்து போய் ஒரு வாய் சாப்பிட்டாளே, அதைத்தான் நான் விசுவாசம் என்பேன். குரல் உயர்த்தி ஜெபிப்பதைவிட எனக்கு அது பெரிதாகத் தெரிகிறது.

எலியா தீர்க்கதரிசியையும் பாருங்கள். 1 இராஜாக்கள் 19. போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று சூரைச்செடியின் கீழே படுத்துவிட்டான். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கியதைக் கண்ணால் பார்த்துக் கொஞ்ச நாள்கூட ஆகவில்லை! தூதன் வந்து அவனுக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. எழுந்திரு, சாப்பிடு. சாப்பிட்டு மறுபடி படுத்தான். தூதன் இரண்டாம் தடவையும் தட்டியெழுப்பிச் சாப்பிடத்தான் சொன்னான். "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வியெல்லாம் அப்புறம்தான், ஓரேப் மலைக்குப் போன பிறகு.

ஆகவே தங்கச்சி, முழங்கால் போட்டால் தூங்கிவிடுகிறேன் என்கிறாயே, தூங்கு. ஆண்டவர் சமுகத்தில் தூங்குவதற்குக் குற்ற உணர்ச்சி எதற்கு? நம் மடியில் பிள்ளை தூங்கிவிட்டால் நாம் கோபப்படுகிறோமா என்ன?

ஆனால் தூக்கமே வரவில்லை, பிள்ளையைத் தூக்கவே மனசில்லை, செத்துவிடலாம் போலிருக்கிறது என்றால் அது வேறு. பிரசவத்துக்குப் பிறகு சில நாள் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். இரண்டு வாரம் தாண்டியும் அது தொடர்ந்தால் டாக்டரைப் பார். சாவு எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திருக்காதே. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு ஒரு நோய், அதற்கு மருந்து இருக்கிறது. நான் எட்டு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். பையில் வேதாகமத்துக்குப் பக்கத்திலேயே மாத்திரை அட்டையும் இருந்தது. இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

இன்னொன்று, அன்னையர் நாளானால் எடுத்து வாசிப்பார்களே, நல்ல மனைவியைப் பற்றிய நீதிமொழிகள் 31. இருட்டோடே எழுந்திருக்கிறாள், இரவிலும் அவள் விளக்கு அணைகிறதில்லை. எப்போதுதான் தூங்கினாள் என்று சிரிப்பு வரும் எனக்கு. அது எபிரெயு மொழியின் 22 எழுத்துகளையும் வரிசையாக வைத்து, எழுத்துக்கு ஒரு வசனமாக எழுதிய கவிதை. ஒரு பெண்ணின் ஆயுசு முழுவதையும் ஒரே பாட்டில் சொல்கிறது. அதைத் தினசரி அட்டவணையாக மாற்றி நம் கையில் கொடுத்தது யார் என்று தெரியவில்லை. 15-ஆம் வசனத்தில் அவளுக்கு வேலைக்காரப் பெண்கள் இருந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதிகாரத்தின் முதல் வசனத்தையும் பார்க்கவும்: ஒரு தாய் தன் மகனான லேமுவேல் ராஜாவுக்குச் சொன்ன புத்தி அது. நீ ஏன் இப்படி இல்லை என்று பெண்பிள்ளையைக் கேள்வி கேட்கச் சொன்னதில்லை.

பிள்ளைகள் முன்னால் எப்படி இருப்பது என்றும் அந்தத் தங்கை கேட்டிருந்தாள். என் மூத்தவளுக்கு அப்போது ஆறு வயது. ஒருநாள் தலை பின்னிக்கொண்டிருக்கும்போது கேட்டாள்: "இயேசப்பா தம்பிக்கு சுகம் குடுப்பாருன்னு தினமும் சொல்றீங்க. ஏன் இன்னும் குடுக்கலை?" கர்த்தருடைய வேளை வரும் என்று சொல்லலாம். வாய்வரை வந்தது. ஆனால் எனக்கே அது அன்று நம்பிக்கையாக இல்லை. "தெரியலடா. நானும் அவர்கிட்ட அதைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றேன். "கோவமாவா?" என்றாள். "ஆமா, கோவமாத்தான்." ரப்பர் பேண்டைக் கையில் சுற்றிக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தாள். அன்று ராத்திரி படுக்கையில் அவள் ஜெபம்: "இயேசப்பா, எனக்கும் உங்க மேல கோவம்தான். குட் நைட். ஆமென்."

நான் திருத்தவில்லை. 13-ஆம் சங்கீதம் முதல் இரண்டு வசனத்துக்குள் நாலு தடவை "எதுவரைக்கும்" என்று கேட்கிறது. 88-ஆம் சங்கீதம் கடைசிவரை வெளிச்சத்துக்கு வராமல் இருட்டிலேயே முடிகிறது. இதையெல்லாம் ஜெபம் என்று வேதமே சேர்த்து வைத்திருக்கும்போது, அவள் ஜெபத்தில் திருத்த என்ன இருக்கிறது? கோபத்தில் அவள் அவரிடம் பேசுவதை நிறுத்தவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அம்மா எப்போதும் சிரித்த முகமாக ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே இருந்தால், பிள்ளை தனக்கு அழுகை வரும் நாளில் ஆண்டவரிடம் போக முடியாது என்று நினைத்துக்கொள்ளும். அதற்குத்தான் நான் பயப்படுகிறேன்.

அன்னாளிடம் எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம் அந்தச் சின்னச் சட்டை. பிள்ளையை ஆலயத்தில் விட்டுவிட்டாள். வருஷத்துக்கு ஒரு தடவைதான் பார்ப்பாள். வருகிறபோதெல்லாம் ஒரு சட்டை தைத்துக்கொண்டு வருவாள். பார்க்காத பிள்ளைக்கு என்ன அளவில் தைத்திருப்பாள்? இந்த வருஷம் இவ்வளவு வளர்ந்திருப்பான் என்று மனசாலேயே அளந்திருப்பாள். போன வருஷத்துச் சட்டை கைக்கு ஏறாமல் போயிருக்கும். வாழ்நாளுக்கும் ஒரே சட்டை என்று அவள் தைத்து வைக்கவில்லை.

என் இளையவனுக்கு இப்போது ஒன்பது வயது. கடைசியாக மூச்சிரைப்பு வந்து இரண்டு வருஷமாகிறது. இருந்தாலும் அவன் தூங்கின பிறகு வயிற்றில் கை வைத்து எண்ணிப் பார்க்கிற பழக்கம் போகவில்லை. இப்போதெல்லாம் 20-ஐத் தாண்டுவதில்லை. எண்ணி முடித்ததும் வாய் தானாக "கர்த்தாவே" என்கிறது. போன வாரம் அவன் முழித்துக்கொண்டு, "என்னம்மா, எவ்ளோ வந்துச்சு?" என்று கேட்டான்.