கனால் கரையைச் சைக்கிளுக்கு விட்டுவையுங்கள்

சித்தூர்ப் பக்கம் சைக்கிளில் சுற்ற எந்த ரோடு நல்லது என்று கோவை நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். (ஆந்திரச் சித்தூர் இல்லை, பாலக்காட்டுச் சித்தூர்.) ரோட்டுக்கே வராதீர்கள், கனால் கரைக்கு, அதாவது பாசனக் கால்வாய்க் கரைக்கு வாருங்கள் என்பதுதான் என் பதில். பொள்ளாச்சி - பாலக்காடு ரோட்டில் டிப்பரும் கோழி வண்டியும் பஸ்ஸும் முட்டிக்கொண்டு போகிற வேகத்தில் சைக்கிள்காரன் ஓரத்து மண்ணில் இறங்கி நிற்க வேண்டியதுதான். அந்த ரோட்டில் இருந்து கொஞ்ச தூரம் உள்ளே போனால் ஹாரன் சத்தமே இல்லாத ஒரு பாதை ஏற்கெனவே இருக்கிறது. யாரும் திட்டம் போடவில்லை, நிதி ஒதுக்கவில்லை, திறப்பு விழா நடத்தவில்லை. அதனால்தான் நன்றாக இருக்கிறது.

ஆனைமலையில் இருந்து இறங்கும் ஆழியாறு, மணக்கடவு தாண்டிக் கேரளத்துக்குள் வந்ததும் சித்தூர்ப்புழை ஆகிறது. மூலத்தரையில் ஆற்றை மறித்து இடது கரை, வலது கரை என்று இரண்டு கனால் பிரித்திருக்கிறார்கள். அவற்றில் இருந்து கிளை, கிளைக்குக் கிளை என்று கொழிஞ்சாம்பாறை, பெருமாட்டி, பட்டஞ்சேரி பக்கமெல்லாம் வாய்க்கால்தான். பெரிய கனால்களில் கரையை ஒட்டி ஒரு வண்டி போகும் அகலத்துக்குப் பாதை இருக்கும். பொதுஜனத்துக்காகப் போட்ட பாதை இல்லை அது. தண்ணீர் திறந்துவிடும்போது எங்கே கரை கசிகிறது, எவன் ராத்திரியில் மதகைத் தூக்கிவிட்டான் என்று பார்க்க லஸ்கர்கள் (கனால் காவல் ஆட்கள்) போய்வரும் பாதை. அவர்களும் முன்பெல்லாம் சைக்கிளில்தான் போனார்கள். மண்வெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு.

கனால் கரையில் மிதிப்பது ஏன் சுகம் என்பதற்குக் காரணம் தண்ணீர்தான். மோட்டார் இல்லாமல் தண்ணீர் தானாகப் போக வேண்டும், அதே சமயம் வேகம் பிடித்துக் கரையை அரித்துவிடவும் கூடாது. அதனால் கனாலை மேட்டையும் பள்ளத்தையும் சுற்றிச் சுற்றி மெல்லச் சரிய விட்டிருப்பார்கள். அந்தக் கரையில் போகும் சைக்கிளுக்கும் ஏற்றம் இறக்கம் கிட்டத்தட்ட இருக்காது. முட்டிவலி உள்ளவர்களும் போகலாம். கியர் சைக்கிள் வேண்டியதில்லை. சொல்லப்போனால் ஒல்லி டயர் போட்ட ரேஸ் சைக்கிளை இங்கே கொண்டுவருவது வீண். தடி டயர் நாட்டு சைக்கிள்தான் இந்த மண்ணுக்கு ஏற்றது. எல்லைக்கு அந்தப்பக்கம் தமிழ்நாட்டு அரசு பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுக்கிறதே, அந்த சைக்கிளே போதும்.

வெளிநாட்டில் சைக்கிள் சுற்றுலா என்றதும் எல்லோரும் டான்யூப் நதியைச் சொல்கிறார்கள். ஜெர்மனியின் பாசாவில் இருந்து வியன்னா வரை 300 கிலோமீட்டருக்கு மேல் ஆற்றோரமாகவே மிதித்துப் போகலாம். அந்தப் பாதையில் பெரும்பகுதி, ஒருகாலத்தில் குதிரைகள் கரையில் நடந்து ஆற்றில் படகை எதிர்நீச்சலில் இழுத்துப் போன தடம். குதிரை போனது, நீராவிக் கப்பல் வந்தது, தடம் சும்மா கிடந்தது, சைக்கிளுக்கு வாய்த்தது. பிரான்சில் லுவார் நதியோரம் ஏறக்குறைய 900 கிலோமீட்டர் பாதையிலும் பல இடங்களில் வெள்ளத் தடுப்புக் கரைமேல்தான் சைக்கிள் போகிறது. அவர்களும் புதிதாக அதிசயம் எதுவும் செய்யவில்லை. தண்ணீர் வேலைக்காகப் போட்ட கரையில் காரை விடவில்லை, அவ்வளவுதான். பக்கத்து வயல்காரரின் டிராக்டர் போகலாம், குறுக்கு வழியாக வருகிற கார் போகக் கூடாது. அந்த ஒரு விதி மட்டும் நமக்கு வந்தால் போதும்.

சரி, அங்கே கோட்டையும் திராட்சைத் தோட்டமும் இருக்கிறது, இங்கே என்ன இருக்கிறது என்று ஒரு நண்பர் கேட்டார். கொஞ்சம் கோபம் வந்தது. பாலக்காட்டுக் கணவாய் என்பது மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரிய வாசல். மேலைக் கடற்கரைத் துறைமுகத்துச் சரக்கு கொங்கு நாட்டுக்குள் போன வழி. பொள்ளாச்சியிலும் வெள்ளலூரிலும் ரோமானியக் காசு கிடைத்தது சும்மா இல்லை. சித்தூர் பகவதி கோவிலில் மாசியில் கொங்கன்படை என்று ஒரு திருவிழா நடக்கும். கொங்குப் படையை அடித்து விரட்டியதற்கான கொண்டாட்டம் அது. கொங்குத் தமிழ் பேசும் நாங்களும் வரிசையில் நின்று அதைப் பார்த்துக் கைதட்டிவிட்டு வருவோம்! சித்தூர் தெக்கே கிராமத்தில் ஆற்றங்கரையில் எழுத்தச்சனின் குருமடம் இருக்கிறது. மலையாளத்துக்கு எழுத்து கொடுத்தவராகக் கொண்டாடப்படும் அவர் கடைசிக் காலத்தைக் கழித்தது இங்கேதான். அந்த இடத்தில் ஆற்றுக்கு சோகநாசினி என்று பெயர். விஜயதசமிக்கு அங்கே குழந்தைகளுக்கு எழுத்தறிவிக்க வருகிற கூட்டத்தில் எல்லைக்கு இருபுறத்துத் தமிழ்க் குடும்பங்களையும் பார்க்கலாம்.

ஆட்சி வரலாறும் வேடிக்கைதான். சுதந்திரத்துக்கு முன்பு சித்தூர் கொச்சி ராஜாவின் நாடு. ஆனால் கொச்சியோடு ஒட்டாமல் தனித்தீவாகக் கிடந்தது. பாலக்காடும் கொல்லங்கோடும் மலபார் ஜில்லா. கிழக்கே பொள்ளாச்சி, கோயம்புத்தூர் ஜில்லா. ஒரு மத்தியான நேரத்துக்குள் சைக்கிளில் ராஜா நாட்டில் இருந்து வெள்ளைக்காரன் ஜில்லாவுக்குப் போய்த் திரும்பி வந்திருக்கலாம். 1956-ல் கேரளம் பிறந்தபோது மனிதர்களுக்குக் கோடு போட்டார்கள். தண்ணீருக்கான பங்கை 1970-ல் பரம்பிக்குளம் - ஆழியாறு ஒப்பந்தத்தில் எழுதினார்கள். மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி கேரளத்துக்கு. இரண்டு பக்கத்து டீக்கடைகளிலும் இன்றுவரை சலிக்காத பேச்சு அதுதான். கனால் கரையில் போகும்போது இந்த எண் கண்ணில் தெரியும். ஆழியாற்றில் திறந்துவிட்டார்களா இல்லையா என்பதை வயலின் நிறம் சொல்லிவிடும்.

அப்புறம் பிளாச்சிமடை. மூலத்தரைக் கனாலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஊர். 2000-ல் அங்கே கோக்க கோலா ஆலை வந்தது. கிணறுகளில் தண்ணீர் வற்றியது, இருந்ததும் குடிக்க ஆகாமல் போனது என்று 2002-ல் ஆதிவாசிக் குடும்பங்கள் ஆலைக்கு எதிரே உட்கார்ந்தார்கள். முன்னால் நின்றவர் மயிலம்மா, இரவாளர் சமூகத்துப் பெண். 2004-ல் ஆலை மூடியது. நஷ்டஈட்டுக்காகக் கேரளச் சட்டசபை 2011-ல் நிறைவேற்றிய மசோதா சட்டமாகவே இல்லை. பள்ளத்தாக்கின் வரலாறு என்றால் ராஜா, கோவில், கோட்டை மட்டும் என்று நினைப்பவர்கள் அந்த ஊரில் கட்டாயம் சைக்கிளை நிறுத்த வேண்டும். காரில் போனால் ஒரு நிமிடத்தில் தாண்டிப் போய்விடுவீர்கள்.

இப்போது என் பயத்தைச் சொல்கிறேன். பக்கத்தில் இருக்கும் கொல்லங்கோடு ஊரைப் பாருங்கள். 2023-ல் இந்தியாவின் அழகான கிராமங்கள் என்று இணையத்தில் ஒரு பட்டியல் சுற்றியது, அதில் கொல்லங்கோட்டின் பெயரும் இருந்தது. அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை வயல்வரப்பு வரை கார். சீதார்குண்டு அருவிக்குப் போகிற ஒற்றையடி அகல ரோட்டில் இரண்டு பக்கமும் வண்டி நின்றால், புல்லுக்கட்டு தூக்கி வரும் அம்மா எங்கே ஒதுங்குவார்? நெல்லியாம்பதி மலையும் பச்சை வயலும் அதே இடத்தில்தான் இருக்கின்றன, ஆனால் நடுவில் வரிசையாகக் கண்ணாடி மின்னுகிறது. போட்டோ எடுக்கிறவர்களே கார் விழாத கோணம் தேடி அலைகிறார்கள். வந்தவர்களைத் திட்டவில்லை. சும்மா உட்கார்ந்து மலையைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இல்லை? ஆனால் அந்த ஊருக்கு வர காரைத் தவிர வேறு வழியை யாரும் யோசிக்கவே இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

கனால் கரைக்கும் இதே கதி வரலாம். ஒருபக்கம், கரையில் வீடு கட்டியவர்கள் தார் ரோடு கேட்கிறார்கள். அதில் தப்பே இல்லை. பிரசவ வலி வந்தால் ஆட்டோ வாசலுக்கு வர வேண்டும். சைக்கிள் மோகத்தில் நான் அதற்குக் குறுக்கே நிற்கமாட்டேன். இன்னொருபக்கம், சோதனைச் சாவடிக்கும் ரோட்டு நெரிசலுக்கும் தப்பிக் குறுக்கு வழி தேடும் கனரக வண்டிகள். இவைதான் ஆபத்து. மண் கரைமேல் லோடு லாரி போனால் கரை அமுங்கும், சிமெண்ட் பூச்சு விரியும், தண்ணீர் கசியும். தலைமடைக்காரனுக்கு ஒன்றும் தெரியாது. கடைமடையில் நாற்று காயும்போதுதான் தெரியும். எங்கள் ஊரில் வேலை ஓய்ந்த ஒரு லஸ்கர் அண்ணன் சொல்வார்: "லாரிக்காரன் ஒரு நாள் போயிட்டான்னா நாங்க ஒரு மாசம் மண்ணு போடோணும் தம்பி."

அதனால் இது பொழுதுபோக்குக்காரர்களின் கோரிக்கை மட்டும் இல்லை. சைக்கிளுக்கு எது நல்லதோ அதுதான் கடைமடை விவசாயிக்கும் நல்லது. வீடு இருக்கும் தூரம் வரை ரோடு போடட்டும். அதைத் தாண்டிய இடத்தில் பாலத்தடியில் இரண்டு கல் நட்டு, நடுவே ஒரு கம்பி போட்டுப் பூட்டி, சாவியை லஸ்கரிடமும் பக்கத்து வயல்காரரிடமும் கொடுத்தால் போதும். அகலப்படுத்த வேண்டாம். கலர் விளக்கு, செல்ஃபி பாயிண்ட், இதய வடிவத்தில் ஊர்ப்பெயர், இதெல்லாம் தயவுசெய்து வேண்டாம். சைக்கிள் குழுவினரும் கூட்டமாக வந்து ஸ்பீக்கரில் பாட்டு போட்டுக்கொண்டு போவதைவிட, அந்தக் காரே தேவலை.

வருகிறவர்களுக்கு ஒன்றிரண்டு விஷயம். இங்கே வெயிலைவிடக் காற்றுதான் முக்கியம். மார்கழி, தை மாதங்களில் கணவாய் வழியாகக் கிழக்கே இருந்து காற்று அடிக்கும். ஆறும் மேற்கேதான் ஓடுகிறது. கோபாலபுரத்திலோ மீனாட்சிபுரத்திலோ தொடங்கிச் சித்தூர் பார்த்து வந்தால் காற்றே முதுகைத் தள்ளிக்கொண்டு வரும். ஆடியில் நேர்மாறு, மேற்குக் காற்று மூக்கில் அறையும், அப்போது சித்தூரில் ஏறி எல்லை பார்த்துப் போங்கள். மாசி கடந்துவிட்டால் பத்து மணிக்குமேல் மிதிக்காதீர்கள். காலையில் வந்தால் பனையிலும் தென்னையிலும் கள் இறக்குகிறவர்களைப் பார்க்கலாம், கேரளத்தின் பல ஜில்லாக்களுக்குக் கள் போவது இந்தத் தாலுகாவில் இருந்துதான். மழை பெய்த மறுநாள் வேண்டாம், களிமண் மக்கார்டில் அப்பிச் சக்கரம் சுற்றாது. வேலிமுள் நிறைய, பம்பும் பஞ்சர் ஒட்டும் சாமானும் கையில் இருக்கட்டும். தண்ணீர் ஓடும்போது கனாலில் இறங்கிக் குளிக்காதீர்கள். பூச்சு வழுக்கும், ஏறப் பிடிமானம் இருக்காது.

அடுத்த கிராம சபையில் இந்தக் கல் நடும் விஷயத்தை மனுவாகக் கொடுக்கப் போகிறேன். தமிழிலும் மலையாளத்திலும் எழுதி வைத்திருக்கிறேன். கடைமடைக்காரர்கள் சிலர் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தலைமடையில் பேச்சுவார்த்தை நடக்கிறது. மணக்கடவுக்குக் கிழக்கே, ஆழியாற்று வாய்க்கால் கரைகளுக்கு இதே மனுவைக் கொடுக்க நினைக்கும் ஆனைமலை, பொள்ளாச்சி நண்பர்கள் இன்பாக்ஸில் கேளுங்கள், அனுப்புகிறேன். ஊர்ப்பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.