கிராமர் தெரியும், காதில்தான் விழவில்லை

நம் ஊரில் இங்கிலீஷ் கிராமர் தனி வகுப்பு. லிசனிங் என்று ஒன்று இருந்தால் அது இன்னொரு வகுப்பு. இந்தப் பிரிவினைதான் பாதிச் சிக்கலுக்குக் காரணம் என்பது என் கட்சி.

பிரிட்டனுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போக ஓ.இ.டி. என்ற, மருத்துவத் துறையினருக்கான இங்கிலீஷ் தேர்வை எழுதும் நர்ஸ் பிள்ளைகளைப் பாருங்கள். 'ஷுட் ஹேவ்' வைத்து வாக்கியம் எழுதச் சொன்னால் பிசகாமல் எழுதுவார்கள். அதையே ஆடியோவில் ஒருவர் 'யூ ஷுடவ் டோல்ட் மீ' என்று சொல்லிவிட்டுப் போனால் விழிப்பார்கள். தேர்வில் ஆடியோ ஒரு தடவைதான் ஓடும். 'ஹேவ்', 'டு', 'கேன்' மாதிரி குட்டிச் சொற்கள்தான் கிராமரையே சுமக்கின்றன. வேகமாகப் பேசும்போது முதலில் நசுங்குவதும் அவைதான். தெரிந்த கிராமர் காதுக்கு எந்த உருவத்தில் வரும் என்று அவர்களுக்கு யாரும் காட்டவில்லை.

இத்தனைக்கும் நமக்கு இது புதிதே இல்லை. 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று எழுதிவிட்டு 'வந்துட்டிருக்கேன்' என்று பேசுகிறவர்கள் நாம். இங்கிலீஷிலும் அப்படித்தான் என்று சொன்னால் நம் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். மொழியியல் பேராசிரியர்கள் ரொனால்ட் கார்ட்டரும் மைக்கேல் மெக்கார்த்தியும் பிரிட்டனின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் சுமார் 50 லட்சம் சொற்கள் அளவுக்குப் பேச்சு இங்கிலீஷைச் சேர்த்து, பேச்சுக்கென்றே ஒரு கிராமர் இருப்பதைக் காட்டினார்கள். 'ஹீ இஸ் எ நைஸ் மேன், யுவர் டாட்' என்பது பரீட்சைத் தாளில் தப்பாகத் தெரியலாம், பேச்சில் சரி. 'நல்ல மனுஷன், உங்கப்பா' என்று நாமும் அப்படித்தானே சொல்கிறோம்?

லிசனிங் வகுப்பு என்று நடப்பதும் பெரும்பாலும் பரீட்சைதான். ஆடியோ போடு, கேள்வி கேள், விடை சொல். தப்பாகச் சொன்ன பிள்ளைக்கு எந்த இடத்தில் காது நழுவியது என்று தெரியாமலே வகுப்பு முடிந்துவிடும். லிசனிங் பற்றி ஆராய்ந்த ஜான் ஃபீல்ட் 2008-இல் எழுதிய புத்தகத்தில் இதைத்தான் போட்டு உடைத்தார். விடை தப்பானால் அங்கேதான் பாடம் ஆரம்பிக்க வேண்டும். காது நழுவிய இரண்டு மூன்று வரியை மட்டும் திரும்பப் போடுங்கள், காதில் விழுந்ததை அப்படியே எழுதச் சொல்லுங்கள், அப்புறம் ஆடியோவில் பேசியதை எழுத்தில் தரும் டிரான்ஸ்கிரிப்டைக் கொடுங்கள். விட்டுப்போன சொற்களைப் பார்த்தால், கிராமர் வகுப்பில் நடத்த வேண்டிய பட்டியலே கையில் இருக்கும்.

கிராமரைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. இங்கிலீஷ் கற்பித்தல் நிபுணர் என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரை மையமாக வைத்து, சென்னைப் பள்ளிகளிலும் நடத்திய சோதனையில், கிராமரைத் தனியாக நடத்தாமல் ரயில் அட்டவணை, வரைபடம் என்று வேலை கொடுத்தே மொழி படிய வைக்கப் பார்த்தார்கள். பிள்ளைகள் வாத்தியார் பேச்சை நிறையக் கேட்டார்கள். அந்தக் கேட்டல் எனக்கு வேண்டும். கிராமரைப் பெயர் சொல்லி விளக்கவே கூடாது என்ற பிடிவாதம் வேண்டாம்.

பொதுத்தேர்வு எழுத்துத் தேர்வாகவே இருக்கும்வரை இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் 'என் உச்சரிப்பு சரியில்லை, நான் எப்படிப் பேசிக் காட்டுவது' என்று தயங்கும் ஆசிரியர்களோடுதான் எனக்குச் சண்டை. அந்த நர்ஸ் நாளைக்கு ஸ்காட்லாந்து நோயாளி, பிலிப்பினோ சக நர்ஸ், நைஜீரிய டாக்டர் எல்லோரையும் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டும். உங்கள் இங்கிலீஷும் அந்தக் கூட்டத்தில் ஒன்று. தாராளமாகப் பேசுங்கள், வேகமாகவே.